கணினி உறங்குவதாக நம்பியிருந்தேன்

வீட்டுக் கதவைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தில் பாதி வழியிலிருந்து திரும்பி வந்ததும் உண்டு. மடிக்கணினியிடம் மட்டும் அந்த ஐயம் ஒருநாளும் எழுந்ததில்லை. மூடியைச் சாத்தினால் திரை இருளும். விசிறியின் இரைச்சல் அடங்கும். கணினி உறங்கிவிட்டது என்பதற்கு அதுவே போதிய சான்று என்று இருந்துவிட்டேன். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலையையும், அதன்பின் இரண்டு வாரம் உட்கார்ந்து லினக்ஸின் உறக்கத்தை ஒழுங்கு செய்த கதையையும் இங்கே எழுதுகிறேன். களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள் பலர் என் நட்பு வட்டத்தில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

நான் ஆராய்வது அசாமில் பேசப்படும் மிசிங் மொழியின் சொற்களை. குறிப்பாகத் தறியைச் சார்ந்த சொற்களை. பிரம்மபுத்திராவின் நடுவே அமைந்த மாஜுலித் தீவில் மிசிங் மக்களின் வீடுகள், ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தை எண்ணிக் கால்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. 'சாங் கர்' என்று அவற்றைச் சொல்வார்கள். வீட்டுக்கு அடியில் விழும் நிழலில்தான் தறி நிற்கும். எனக்குச் சொற்களைக் கற்றுத் தந்தவர் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர். அசாமியில் பாட்டியை அழைப்பதுபோல 'ஆய்தா' என்றே அவரை அழைப்பேன். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி அசாமி. என் அசாமியைக் கேட்டு அவர் சிரிக்காத நாளில்லை. தமிழைப் போலவே மிசிங்கிலும் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நான் சட்டென்று பிடித்துக்கொள்வதில் அவருக்கு வியப்பு.

வழக்கமாக ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவோம். அந்தச் சனவரிப் பிற்பகலில் ஆய்தாவுக்குக் கடுமையான சளி. "இந்தக் கரகரத்த குரல் உன் பெட்டிக்குள் போக வேண்டாம். நீ எழுதிக்கொள்" என்றார். அவர் விருப்பத்தை மீறுவது முறையன்று; கருவியை எடுத்து உள்ளே வைத்தேன். கணினியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தேன். அவருடைய தாயார் நெய்து, இப்போது எவரும் நெய்யாத மூன்று கோலங்களைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு கோலத்துக்கும் எத்தனை இழை தூக்க வேண்டும், இழை அறுந்தால் என்ன சொல்லித் திட்டுவார்கள், பாவு ஓட்டும் நாளில் பெண்கள் ஒருவரையொருவர் எப்படிக் கேலி செய்வார்கள் என்று நீண்டது பேச்சு. நாற்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதியிருப்பேன். அவற்றில் பாதி, நான் எந்த அகராதியிலும் கண்டிராதவை.

அப்போது கீழிருந்து பேரன் குரல் கொடுத்தான்: கடைசிப் படகுக்கு நேரமாயிற்று. நான் கணினியின் மூடியைச் சாத்திப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். எழுதிக்கொண்டிருந்த கோப்புக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

கமலாபாரித் துறையிலிருந்து நிமாட்டிக்குப் படகு. அங்கிருந்து ஜோர்ஹாட்டுக்குப் பகிர்வு ஆட்டோ. அறைக்கு வந்து பையைத் திறந்தபோது கணினி, அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பாத்திரம்போல் இருந்தது. விசையை அழுத்தினேன், அசைவில்லை. மின்னிணைப்புக் கொடுத்தபின் முதலிலிருந்து துவங்கியது. உரைத்தொகுப்பியைத் திறந்தேன். வெற்றுத் தாள். அன்றிரவு நினைவிலிருந்து மீட்டு எழுத முடிந்தவை பதினொரு சொற்கள். அவற்றிலும் எது குறில், எது நெடில் என்று மூன்று இடங்களில் தடுமாறினேன்.

இழந்தபின்தான் விசாரணை தொடங்கியது. லினக்ஸ் தான் செய்வதையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. 'ஜர்னல்சிடிஎல்' என்ற கட்டளை அதைக் காட்டும். அன்றைய பிற்பகலைத் தேடிப் படித்தேன். மூடியைச் சாத்திய நேரத்தில் 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்று ஒரு வரி. ஆறு நிமிடம் கழித்து 'சஸ்பெண்ட் எக்சிட்'. பிறகு மறுபடி உறக்கம், மறுபடி விழிப்பு. மூன்று மணி நேரத்தில் பதினேழு முறை அது எழுந்து எழுந்து படுத்திருக்கிறது. நான் படகில் ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது என் தோளில் தொங்கிய பைக்குள் அது ஓயாமல் புரண்டுகொண்டிருந்தது.

எழுப்பியது யார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை போதுமாக இருந்தது. கணினியை மூடிவைத்துவிட்டு, கம்பியில்லாச் சுட்டியை மேசைமேல் அசைத்தேன். விசிறி சுழலத் தொடங்கியது. சுட்டியின் சிறு ஏற்பியை யுஎஸ்பி துளையிலேயே செருகி வைத்திருப்பது என் வழக்கம். சுட்டியும் அதே பையில்தான் இருந்தது; அதை அணைக்கவும் இல்லை. படகு ஆடியபோதும் ஆட்டோ குலுங்கியபோதும் சுட்டி அசைந்து, 'எழுந்திரு' என்று கணினியைத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத் தட்டச்சில் ஏற்கெனவே இறங்கியிருந்த பேட்டரி, எழுப்பி எழுப்பியே தீர்ந்துபோனது.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது நாட்குறிப்பின் கடைசிப் பகுதி. பேட்டரி அபாய அளவுக்கு இறங்கும்போது என்ன செய்வதென்று முடிவெடுக்கும் பொறுப்பு 'யுபவர்' என்ற நிரலுக்குரியது. அதன் இயல்பான ஏற்பாடு இது: நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்க முடியுமா என்று முதலில் பார்க்கும், அதற்கு வழியில்லையென்றால் கணினியை அணைத்துவிடும். என் கணினியில் வழியில்லை. ஏனென்றால் அந்த வழியை நான் அமைக்கவே இல்லை. இறுதி நொடிகளில் என் கணினி அந்த நாற்பது சொற்களையும் பத்திரப்படுத்த ஓர் இடம் தேடியிருக்கிறது. இடம் இல்லாததால் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. குற்றத்தைப் பொறிமேல் போட எனக்கு வாய் வரவில்லை.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'சஸ்பெண்ட்' என்பதை உறக்கம் என்கிறேன்; 'ஹைபர்நேட்' என்பதை நெடுந்துயில் என்கிறேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். திரை இருண்டிருக்கும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உள்ளே நடப்பதோ முற்றிலும் வேறு.

உறக்கத்தில், நீங்கள் எழுதிக்கொண்டிருந்தவை அனைத்தும் ராம் நினைவகத்திலேயே இருக்கின்றன. அந்த நினைவகம் கல்வெட்டன்று; கசியும் குடம். நுண்ணிய மின்தேக்கிகளில் நிற்கும் மின்னூட்டம் தானாக வடிந்துகொண்டே இருக்கும். எனவே பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். கணினி உறங்கும்போதும் இந்த நிரப்பும் வேலை நிற்பதில்லை. மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. நெடுந்துயிலில், நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் ஒரு பிரதியாக எழுதப்படுகிறது. பிறகு கணினி முழுவதுமாக அணைகிறது. பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் பெட்டியில் வைத்தாலும் அந்தப் பிரதி அழியாது. மறுபடி துவக்கும்போது கெர்னல் அதைப் படித்து நினைவகத்தை நிரப்பிக்கொள்கிறது. உறக்கம் விரைவானது, ஆனால் மின்சாரத்தை நம்பியது. நெடுந்துயில் மெதுவானது, எழுதிவைத்ததை நம்பியது. வேறுபாடு இவ்வளவே.

உறக்கத்திலும் இரண்டு வகை உண்டு என்பதை நான் இந்த விசாரணையில்தான் அறிந்தேன். 1996 திசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏசிபிஐ என்ற நெறிமுறையை வெளியிட்டன. கணினியின் உறக்கநிலைகளுக்கு அது எஸ்1 முதலாக எண்கள் இட்டது. எஸ்3 என்பது நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துச் செயலியை நிறுத்திவிடும் உறக்கம்; எஸ்4 நெடுந்துயில். நெடுங்காலம் மடிக்கணினிகள் உறங்கியது எஸ்3 முறையில்தான். கைப்பேசி வந்தபின் எதிர்பார்ப்பு மாறியது. தொட்டவுடன் விழிக்க வேண்டும், உறங்கும்போதும் அஞ்சல் வர வேண்டும் என்ற விருப்பத்தில், 2012-இல் விண்டோஸ் 8 உடன் வேறொரு முறை வந்தது. அதில் கணினி உண்மையில் விழித்தே இருக்கும். பாகங்கள் மட்டும் இயன்றவரை ஓய்ந்திருக்கும். லினக்ஸில் அதற்கு இணையான நிலையை 'எஸ்2ஐடில்' என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிவைத்திருக்கும் உறக்கம் அது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 முறையே கிடையாது. தயாரிப்பாளர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

உங்கள் கணினியில் எது உள்ளது என்பதை அறிவது எளிது. 'சிஸ்' கோப்புறைக்குள் 'பவர்', அதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்ற கோப்பு. 'கேட்' கட்டளையால் அதைப் படித்தால் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற இரண்டு சொற்களோ ஒன்று மட்டுமோ தோன்றும். எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுவே நடப்பில் உள்ள முறை. 'டீப்' என்பது எஸ்3. இரண்டும் இருந்தால் நீங்கள் பேறு பெற்றவர். 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்' என்ற துவக்க அளபுருவுக்கு 'டீப்' என்று மதிப்புக் கொடுத்தால் ஆழ்ந்த உறக்கம் கிடைத்துவிடும். என் கணினியில் எஸ்2ஐடில் ஒன்றுதான் இருந்தது. ஆகவே நெடுந்துயிலை அமைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அமைத்த முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு லினக்ஸ். பிறவற்றில் கோப்புகளின் பெயர் மாறலாம், தருக்கம் மாறாது.

முதலாவது, இடம். நெடுந்துயிலின் பிரதி 'ஸ்வாப்' எனப்படும் மாற்றிடத்தில் எழுதப்படும். என் ராம் 16 ஜிபி. மாற்றிடக் கோப்போ 2 ஜிபி. ஒரு குடத்து நீரைக் குவளையில் ஊற்ற முடியாது. கெர்னல் பிரதியைச் சுருக்கி எழுதும். இயல்பாக ராமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கவும் முயலும். ஆனால் திறந்திருக்கும் வேலை மிகுந்தால் அந்த அளவைத் தாண்டும். வட்டில் இடம் இருந்ததால் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பழைய கோப்பை 'ஸ்வாப்ஆஃப்' கட்டளையால் விலக்கி, 'டிடி' கட்டளையால் 18 ஜிபி அளவில் புதுக்கோப்பை உருவாக்கி, பிறர் படிக்க முடியாதபடி 600 என்ற அனுமதி கொடுத்து, 'எம்கேஸ்வாப்', 'ஸ்வாப்ஆன்' இரண்டையும் ஓட்டினேன்.

இரண்டாவது, முகவரி. கணினி மறுபடி துவங்கும்போது, பிரதி எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். மாற்றிடம் தனிப் பகிர்வாக இருந்தால் அதன் அடையாள எண் மட்டும் போதும். கோப்பாக இருந்தால், அக்கோப்பு இருக்கும் பகிர்வின் அடையாள எண்ணோடு, வட்டில் அக்கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணும் வேண்டும். முதலாவது 'ரெஸ்யூம்' என்ற அளபுரு, இரண்டாவது 'ரெஸ்யூம்_ஆஃப்செட்'. தொடக்க இடத்தை 'ஃபைல்ஃப்ராக்' கட்டளை காட்டும். அது தரும் அட்டவணையின் முதல் வரிசையில், 'ஃபிசிக்கல் ஆஃப்செட்' என்ற நிரலில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணே நமக்குரியது.

நான் இரண்டாம் எண்ணை எடுத்தேன். விளைவு என்னவென்றால், கணினி நெடுந்துயிலுக்குப் போயிற்று, விளக்குகள் அணைந்தன, மகிழ்ந்தேன். துவக்கினால் ஒன்றுமறியாத குழந்தைபோல் புதிதாக எழுந்தது. கொடுத்த முகவரியில் போய்த் தேடிய கெர்னல், அங்கே எதுவும் இல்லாததால் வழக்கம்போல் துவங்கிவிட்டது. மாற்றிடத்தை மீண்டும் இணைக்கும்போது அதிலிருந்த பிரதி பழைய குப்பையாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டது. பிழைச்செய்தி எதுவும் திரையில் வரவில்லை. உண்மையான வேலையோடு இதை முதன்முறை செய்திருந்தால் இரண்டாம் முறையும் இழந்திருப்பேன். தவறான முகவரிக்குப் போட்ட கடிதம் திரும்பி வருவதுகூட இல்லை.

எண்ணைத் திருத்தினேன். அளபுருக்கள் இரண்டையும் 'கிரப்' அமைப்புக் கோப்பில் சேர்த்து 'அப்டேட்-கிரப்' ஓட்ட வேண்டும். 'இனிட்ராம்எஃப்எஸ்' எனப்படும் தொடக்க நிலைக் கோப்புத்தொகுதிக்கும் முகவரியைச் சொல்லி 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மறந்து அரைநாளைத் தொலைத்தேன். எதை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது, காவல். இதற்குப் பின்னும் கணினி நெடுந்துயிலுக்குப் போக மறுத்தது. நாட்குறிப்பைப் பார்த்தால், 'லாக்டவுன்' காரணமாக நெடுந்துயில் தடை செய்யப்பட்டிருப்பதாக ஒரு வரி. 2019-இல் வந்த கெர்னல் 5.4 முதல், 'செக்யூர் பூட்' என்னும் பாதுகாப்புத் துவக்கம் இயக்கத்தில் இருந்தால் கெர்னலைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு பல வழங்கல்களில் உண்டு. வட்டில் எழுதப்பட்ட பிரதியை யாரேனும் திருத்திவிட்டால், திருத்தப்பட்ட கெர்னலே உயிர்பெற்று எழுந்துவிடும் என்பது அதன் கவலை. ஞாயமான கவலைதான். எனக்கோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இங்கே களப்பணியாளர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நெடுந்துயிலின் பிரதி என்பது உங்கள் நினைவகத்தின் முழு நகல். திறந்திருந்த கடிதங்கள், கடவுச்சொற்கள், பெயரை வெளியிட வேண்டாம் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டவர்களின் பெயர்கள் யாவும் அதில் இருக்கும். கணினி களவு போனால் அந்த நகலும் சேர்ந்தே போகும். நான் இயங்குதளத்தை நிறுவியபோதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தேன். மாற்றிடக் கோப்பும் அந்த மறையாக்கத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. துவங்கும்போது கடவுத்தொடரைத் தந்தபின்புதான் பிரதியே படிக்கப்படும். அந்தத் துணிவில் பாதுகாப்புத் துவக்கத்தை அணைத்தேன். மறையாக்கம் செய்யாத வட்டு வைத்திருப்பவர்கள், மனிதரிடம் தகவல் திரட்டுபவர்களாக இருந்தால், அதை முதலில் செய்யுங்கள். நெடுந்துயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, மூடி. 'சிஸ்டம்டி' என்ற மேலாளரின் 'லாகின்டி' அமைப்பில், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று குறிக்கும் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' என்ற வரி உண்டு. அதற்கு 'சஸ்பெண்ட்-தென்-ஹைபர்நேட்' என்று மதிப்புக் கொடுத்தேன். முதலில் உறங்கு, குறித்த நேரம் கழிந்தால் நெடுந்துயிலுக்குப் போ என்பது அதன் பொருள். அந்த நேரத்தை 'ஸ்லீப்' அமைப்புக் கோப்பில் 'ஹைபர்நேட்டிலேசெக்' என்ற வரியில் குறிக்கலாம். நான் 20 நிமிடம் வைத்தேன். கணினியின் கடிகாரத்தில் எழுப்பு மணி வைத்துக்கொண்டு உறங்கி, மணி அடித்ததும் எழுந்து, எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டு முற்றாக அணையும். தேநீர் குடிக்கப் போனவருக்கு உறக்கம்; ஊருக்குப் போனவருக்கு நெடுந்துயில்.

ஐந்தாவது, எழுப்புபவர்கள். 'புராக்' கோப்புறைக்குள் 'ஏசிபிஐ', அதற்குள் 'வேக்அப்' என்ற கோப்பு, கணினியை எழுப்பும் உரிமை பெற்ற பாகங்களைப் பட்டியலிடும். யுஎஸ்பி கட்டுப்படுத்தியின் பெயரை அதே கோப்பில் எழுதினால் அதன் உரிமை பறிபோகும். மறுதுவக்கத்தில் உரிமை திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு துவக்கத்திலும் அதைச் செய்ய ஒரு சிறு சேவைக் கோப்பும் எழுத வேண்டும். எழுதினேன். அதைவிட எளிய வழியையும் கைக்கொண்டேன்: சுட்டியின் ஏற்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது.

அமைத்தது பாதி வேலை, சோதித்தது மறுபாதி. கெர்னலைப் பராமரிப்பவர்கள் இதற்கென்றே 'பிஎம்_டெஸ்ட்' என்ற கோப்பை வைத்திருக்கிறார்கள். 'ஃப்ரீசர்', 'டிவைசஸ்' என்று அதில் எழுதினால், நெடுந்துயிலின் படிகளில் அதுவரை மட்டும் போய், ஐந்து நொடி நின்று, கணினி திரும்பி வந்துவிடும். எந்தப் படியில் வழுக்குகிறது என்பதை இழப்பின்றி அறியலாம். நீரில் இறங்குமுன் காலை மட்டும் நனைத்துப் பார்ப்பதுபோல. படிகள் எல்லாம் தேறியபின் முழுச் சோதனைகள். பெயரிடாத கோப்பில் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து, சேமிக்காமல் நெடுந்துயிலுக்கு அனுப்பி, மின்னிணைப்பைப் பிடுங்கி, மறுநாள் காலை திறந்து பார்த்தேன். பத்தி இருந்தது. உலாவியில் முப்பது தாவல்கள் திறந்துவைத்துச் செய்தேன். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கையில் செய்தேன். ஒருமுறை எழுந்தபின் கம்பியில்லா இணையம் வரவில்லை. அதன் இயக்கியை நீக்கி ஏற்றியதும் வந்தது. பத்து முறை தொடர்ந்து தேறியபிறகே பையில் வைத்தேன்.

இவ்வளவு பாடும் ஏன், விண்டோஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நேர்மையானது. நெடுந்துயில் என்பது ஃபர்ம்வேர், கெர்னல், ஒவ்வொரு பாகத்துக்குமான இயக்கி, துவக்க நிரல், மேலாளர் நிரல் என்று ஐவர் கைமாற்றிக்கொள்ளும் வேலை. ஐவரும் ஒரே வீட்டார் அல்லர். ஒருவர் கை நழுவினாலும் குடம் உடையும். பல கணினிகளில் அது நம்பகமாக இயங்கவில்லை என்பதால்தான் 2012-இல் வந்த உபுண்டு 12.04-இல் நெடுந்துயில் இயல்பாக முடக்கி வைக்கப்பட்டது. வேலை செய்யாத ஒன்றைச் செய்வதுபோல் காட்டி ஏமாற்றுவதைவிட மறைத்துவைப்பது மேல் என்ற அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும், என் கணினி அன்று என்ன செய்தது என்பதை மணி நிமிடம் பிசகாமல் எனக்குச் சொன்னதும் இதே லினக்ஸ்தான். எங்கே தவறினேன் என்று தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது.

மார்ச்சில் மீண்டும் மாஜுலிக்குப் போனேன். நடந்ததை ஆய்தாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். "நான் மறந்தால் வயதாகிவிட்டது என்பீர்கள். உன் பெட்டிக்கு என்ன வயது?" என்று கேட்டார். பிறகு மறுபடியும் சொல்லத் தொடங்கினார். சளி நீங்கியிருந்ததால் ஒலிப்பதிவுக்கும் இசைந்தார். தறியில் உட்கார்ந்து இழையைத் தூக்கிக் காட்டியபடியே சொன்னார். கை போகும் வழியில்தான் அவருக்குச் சொற்கள் வருகின்றன என்பதை அன்று கண்டேன். நெய்யும்போதெல்லாம் அவர் அந்தச் சொற்களைத் தமக்குள் நிரப்பிக்கொண்டே இருக்கிறார். நெய்யாத கோலத்தின் சொற்களுக்கு அந்த நிரப்புதல் இல்லை.

சொற்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தன. ஆனால் மூன்றாவது கோலத்தின் கதை வேறாக இருந்தது. சனவரியில் அவர் அதைத் தம் தாயாரின் தமக்கை நெய்ததாகச் சொன்னதாக எனக்கு நினைவு. இப்போது தாயாரே நெய்தது என்றார். "அன்று வேறு மாதிரி சொன்னேனா?" என்று என்னிடமே கேட்டார். என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. என் நினைவு பிழையா, அவர் நினைவு பிழையா, இரண்டுமே உண்மையாக இருக்க இடமுண்டா என்று தீர்மானிக்க என்னிடம் இருந்த ஒரே சான்று, பெயரில்லாத அந்தக் கோப்பு. ஆய்வேட்டில் அந்தக் கோலத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி நிற்கப்போகிறது. எந்த அமைப்பு மாற்றமும் அதை இனி நீக்காது.

ஆகவே நண்பர்களே, நெடுந்துயிலை அமைத்துக்கொள்ளுங்கள், அமைத்தபின் சோதியுங்கள், கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மறுபடி சோதியுங்கள். அதற்கும் முன்பாக, எழுதத் தொடங்குமுன்பே கோப்புக்குப் பெயரிட்டுச் சேமியுங்கள். தானாகச் சேமிக்கும் வசதி உங்கள் தொகுப்பியில் இருந்தால் இயக்கிவையுங்கள். நெடுந்துயில் நம் கவனக்குறைவுக்கு ஒரு தாங்கு கட்டை மட்டுமே, சேமித்தலுக்கு மாற்றன்று.

அன்று மாலை படகுக்குக் கிளம்புமுன் கோப்பைச் சேமித்தேன். நினைவட்டையில் ஒரு படி எடுத்தேன். முனையத்தில் நெடுந்துயில் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பேரன் படிக்கட்டில் நின்று அவசரப்படுத்தினான். கடைசி விளக்கும் அணையும்வரை நான் எழவில்லை. பிறகு கணினியின் அடிப்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன், பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல. சூடு இறங்கிக்கொண்டிருந்தது. பையில் வைத்துக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தேன்.